கேட்காமல் எழுதிய வரி

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருந்தீர்கள். பேசப் போனால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதி அனுப்புகிறேன். எதை எப்படிச் சோதிப்பது, எந்தப் படிவத்தில் எதைக் குறிப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நம் வேலையை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. "பாதுகாப்புத் துறை" என்றால் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். "துணி சோதிக்கிற வேலை" என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடற்படைக்கும் ராணுவத்துக்கும் தனியார் கம்பெனிகள் தைத்துக் கொடுப்பதை, அது வீரர்கள் கைக்குப் போகும் முன்னால் அரசாங்கத்தின் சார்பில் பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. முப்பத்திரண்டு வருஷம் போட்டேன். திருச்செந்தூர் பக்கம் கடலோரத்தில் பிறந்தவள் நான். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட எதையும் ஒரு கப்பலில் போய்ப் பார்த்ததில்லை. நாம் ஒழுங்காக வேலை செய்தால் அங்கே ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் நமக்குக் கடிதம் போடமாட்டார்கள். அதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வேறொரு ஊரில், கையுறைகள் பார்க்கப் போயிருந்தேன். கம்பெனிக்காரர்கள் மேசைமேல் ஐம்பது ஜோடியை அழகாக அடுக்கி, பக்கத்தில் நாற்காலியும் போட்டிருந்தார்கள். ஐம்பதையும் பார்த்தேன். எல்லாம் சரி. மாலையில் என் மேலதிகாரி வந்தார். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதமே இருந்த மனிதர். "இதை யார் எடுத்து வச்சது?" என்று கேட்டார். அவர்கள்தான் என்றேன். கோடவுனுக்குக் கூட்டிப்போய், மறுநாள் முழுக்க மூட்டைகளை இறக்கி நானே எடுத்துப் பார்க்கும்படி செய்தார். ஒரு ஜோடியில்கூடப் பழுதில்லை. எனக்குக் கோபம் வந்தது. "நேத்தே சரியாத்தான சார் இருந்துச்சு?" என்றேன்.

"நேத்து நீ சரியா இருக்கும்னு நினைச்சே. இன்னைக்குத் தெரிஞ்சுகிட்டே. நம்ம கையெழுத்து ரெண்டாவதுக்கு மட்டும்தாம்மா," என்றார்.

அந்தப் பாடத்தைத் துணி விஷயத்தில் நான் ஒருநாளும் மறந்ததில்லை. துணி விஷயத்தில் மட்டும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

திருப்பூரில் ஐந்து வருஷம் இருந்தேன். கணவருக்கு மதுரையில் வங்கி வேலை. நான் அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். காலையில் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் சத்தத்தில் எழுந்து, டவுன் பஸ்ஸில் நூல் பஞ்சு ஒட்டிய தலைகளுக்கு நடுவே நின்றபடி அலுவலகம் போவேன்.

அந்த ஊர் என்றால் வெளிநாட்டுக்குப் போகும் டீ ஷர்ட், காதர்பேட்டையில் மொத்தமாக விற்கும் பனியன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சில கம்பெனிகள் கடற்படைக்கும் தைத்தன. அதில் ஒன்றை நடத்தியவர் ரங்கநாயகி. இது அவருடைய உண்மையான பெயர் இல்லை. கணவர் இறந்த பிறகு, மூன்று கொழுந்தன்மார்களும் விற்றுவிடச் சொன்ன கம்பெனியை விற்காமல் எடுத்து நடத்தியவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. எண்பது மெஷின். பாதிப் பேர் உள்ளூர்ப் பெண்கள், பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். அவர்களிடம் உடைந்த இந்தியில், "க்யா கண்ணு, காலைல சாப்பிட்டியா?" என்று கேட்பார். அவர்களும் அதற்குத் தமிழில் பதில் சொல்வார்கள்.

அங்கே தைத்தது ஒரு குல்லா. தலை, கழுத்து, முகம் எல்லாவற்றையும் மூடி, கண்களுக்கு மட்டும் திறப்பு விட்ட பின்னல் துணிக் குல்லா. கப்பலில் ஏதாவது வெடித்தால் தீ ஒரு இமைப்பொழுதுதான் அடிக்கும். அந்த இமைப்பொழுதில் முகத்துத் தோல் போய்விடும். அதைத் தடுப்பதற்காகத் துணிக்கு ஒரு மருந்து ஏற்றுவார்கள். மருந்தில் நனைத்து, காயவைத்து, பிறகு நல்ல சூட்டில் சில நிமிஷம் ஓட்ட வேண்டும். அந்தச் சூட்டில்தான் மருந்து நூலோடு சேரும். சேர்ந்துவிட்டால் எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. தீயைக் காட்டினால் கருகும், பற்றி எரியாது.

மதியம் ஒரு மணிக்கு மெஷின் எல்லாம் நிற்கும். அரை மணி நேரம். காலையிலிருந்து காதில் இருந்த இரைச்சல் சட்டென்று போனதும் ஒரு அமைதி வரும், பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்யும். சோதனை நடக்கும் நாட்களில் அந்த அரை மணி நேரம் ரங்கநாயகி என் மேசைக்கு எதிரில் வந்து உட்காருவார். காபி வேண்டுமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நான் மறுக்க வேண்டியவள் என்பது அவருக்குத் தெரியும். என்னை மறுக்க வைக்கக்கூடாது என்று கேட்காமலே இருந்தார். இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு நாசூக்கு தெரிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

என்ன பேசினோம்? பெரும்பாலும் கடலைப் பற்றி. "நான் ரெண்டே தடவதானுங்க மேடம் கடலப் பாத்திருக்கேன். அதுவும் கோயிலுக்குப் போனப்ப. காலு நனைக்கறக்குள்ள பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டுட்டாங்க," என்பார். கப்பலுக்குள் படுக்கை எப்படி இருக்கும், சமையல் எங்கே நடக்கும், அலையில் பாத்திரம் உருளாதா என்று கேட்பார். எனக்கும் படத்தில் பார்த்ததுதான். தெரிந்ததைச் சொல்வேன். ஒருநாள் குல்லா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதப் போடற பையன் நம்ம ஊர்ப் பேரே கேட்டிருக்க மாட்டானில்லீங்க?" என்றார். மாட்டான் என்றேன். "பரவால்லீங்க. மொகம் நல்லா இருந்தாச் சரி," என்றார்.

அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது, நான் வரமுடியாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். "நீங்க வரக்கூடாதுங்க. ஆனா வெக்காம இருக்க எனக்கு மனசு வல்லீங்க." அந்தப் பத்திரிகை இன்னும் என்னிடம் இருக்கிறது.

*

கிழக்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் புதுக்கப்பல் ஒன்று தயாராகி, கடலில் வெள்ளோட்டத்துக்குப் போகும் நாள் குறித்திருந்தார்கள். அதில் ஏறும் ஆட்களுக்கான குல்லாக்கள் ரங்கநாயகியிடம்தான் தைக்கக் கொடுக்கப்பட்டிருந்தன. பெட்டிகள் கட்டி ரெடி. நான் போய்ப் பல பெட்டிகளிலிருந்து இருபத்து நான்கு மாதிரிகள் எடுத்தேன்.

ஒரு பெட்டியில் எடுத்த குல்லாவை மடிக்கும்போது விரல் நுனியில் லேசாக வெள்ளைப் பொடி ஒட்டியது. முகப்பவுடர் மாதிரி. மற்றப் பெட்டிகளில் அது இல்லை. அலுவலகத்தில் பன்னிரண்டு குல்லாக்களைத் தீ காட்டிச் சோதித்தேன். பன்னிரண்டும் தேறின. அத்துடன் கையெழுத்துப் போட்டிருக்கலாம். துவைத்துச் சோதித்த அறிக்கை ஏற்கெனவே பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்தது. ஆனால் அது கம்பெனி முன்னாடியே அனுப்பிய துணியில் செய்தது. அந்தப் பொடி எனக்குப் பிடிக்கவில்லை.

அவற்றோடு எடுத்த இன்னொரு பன்னிரண்டை வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். வீட்டுக்காரம்மா மேலே வந்து, கொடியில் வரிசையாகத் தொங்கிய கண் ஓட்டைகளைப் பார்த்து, "ஏனுங்க, இது என்ன வேசமுங்க?" என்று மிரண்டு கேட்டது நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் அலுவலகத்தில் அவற்றைக் கத்தரித்துக் கீழிருந்து தீ காட்டினேன். ஏழு கருகி அணைந்தன. ஐந்து அணையவில்லை. தீ துணியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. ஏதோ சாதாரணப் பனியன் எரிகிற மாதிரி எரிந்தது. ஐந்தும் அந்தப் பொடி ஒட்டிய பெட்டியிலிருந்தும், பக்கத்துப் பெட்டியிலிருந்தும் வந்தவை.

தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன்.

"துவைக்காம எல்லாம் பாஸ்தானே?" என்றார் அங்கிருந்த அப்போதைய மேலதிகாரி.

"ஆமா சார்."

"வெள்ளோட்டம் மூணு வாரம். அதுக்குள்ள எத்தனை தடவம்மா துவைக்கப் போறாங்க? இப்ப நிறுத்தினா அந்த ஆளுங்க ஒண்ணுமே இல்லாமப் போகணும். ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலை இல்லையா? குறை இருந்தாலும் பரவாயில்லைன்னு விலக்கு போட்டு அனுப்பிடலாம். திரும்பி வந்ததும் மாத்திக் கொடுக்கச் சொல்லலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. உங்களுக்கு நெருக்கடி வரும்போது இப்படித்தான் வரும். யாரும் வந்து தப்பு செய் என்று சொல்லமாட்டார்கள். நியாயமான ஒரு காரணத்தோடு, களைத்துப்போன குரலில் பேசுவார்கள். பத்து நிமிஷம் கொடுங்கள் சார் என்று வைத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே ரோட்டில் ஒரு மினி டெம்போவில் துணி உருளைகள் போயின. மேலே ஒரு பையன் கால் நீட்டிப் படுத்திருந்தான். ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலையா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

திரும்பக் கூப்பிட்டேன். "சார், ஒண்ணுமே இல்லன்னா அவன் தீக்குத் தள்ளி நிப்பான். குல்லா போட்டிருக்கோம்னு நம்பித்தான் கிட்டப் போவான். துவைச்ச பிறகு எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கே பாத்தாத் தெரியல. அவனுக்கு எப்படித் தெரியும்? இதுக்கு ஒண்ணுமில்லாதது தேவலை சார். வேற கப்பல்லேருந்து பழசு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்க."

"எழுதி அனுப்பு. நான் பேசிக்கறேன்," என்றார். பேசவும் செய்தார். அதற்காக அவர் வாங்கிய திட்டை எனக்குச் சொல்லவே இல்லை.

இதுவரை நான் செய்ததில் எனக்கு வெட்கம் இல்லை. அடுத்துச் செய்தவற்றில்தான்.

*

பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைக்க, அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்கூட்டி ரங்கநாயகிக்குச் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் மனசு இளகிவிடும் என்று பயம். பேக்கிங் பகுதியில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, நிராகரிப்புக் கடிதத்தை அதிகாரக் குரலில் வாசித்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைக் கரையைத்தான் பார்த்தேன். இங்க் நீலம்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"சரிங்க மேடம்," என்றார். போட்டார்.

அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காரணம் தேடி, துணிக்கு மருந்து ஏற்றிய சாயப்பட்டறைக்குப் போனேன். அங்கே மேற்பார்வை பார்த்தவர் மறைக்காமல் சொன்னார். துணி ஓட்டிய அன்றைக்கு மத்தியானம் பாய்லர் சூடு இறங்கிவிட்டது, கடைசி உருளைகள் போதிய சூடு இல்லாமல் ஓடிவிட்டன, மருந்து மேலாக மட்டும் ஒட்டி நின்றது என்றார். எழுதிக்கொண்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஃபைலை மூடிவிட்டேன். அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. கீழே ஆட்டோ நின்றிருந்தது, அவ்வளவுதான்.

அறிக்கையில் காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். அதில் எழுதினேன்: "சாயப்பட்டறையில் ஏற்பட்ட கொதிகலன் கோளாறு. ஒப்பந்ததாரருக்குத் தெரியாமல் நடந்தது."

இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போது மனசுக்கு இதமாக இருந்தது. துணியில் கண்டிப்பு காட்டினேன், மனுஷியிடம் நியாயமாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியை அரசாங்க ஒப்பந்தங்களிலிருந்தே தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் தப்பியது. அறிக்கையின் நகல் அவருக்கும் போனது. அதைப் படித்ததும் என் மனசு அவருக்குப் புரியும், ஒருநாள் மதியம் எதிரில் வந்து உட்காருவார் என்று எதிர்பார்த்தேன்.

வரவில்லை. நாலு வாரத்தில் மொத்தக் குல்லாவையும் புதுத் துணியில், வேறு பட்டறையில், தானே பக்கத்தில் நின்று ஓட்டித் தைத்துக் கொடுத்தார். எடுத்த இடத்திலெல்லாம் எடுத்துச் சோதித்தேன். ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஏற்புக் கடிதம் வாங்க மேனேஜர்தான் வந்தார். "அம்மா வல்லீங்களா?" என்றேன். "தோட்டத்துக்குப் போயிருக்காங்க," என்றார். வெளியே வரும்போது அவருடைய வண்டி கம்பெனி வாசலில்தான் நின்றிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அரசாங்க ஒப்பந்தம் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த வருஷம் எனக்கு மாற்றலானது.

*

மீதி வருஷங்கள் இரண்டு ஊர்களில் ஓடின. நல்ல ஊர்கள், நல்ல மனிதர்கள். ஆனால் மதியம் ஒரு மணி ஆனால் எனக்கு எதிர் நாற்காலி வெறுமையாகத் தெரியும். எங்கேயாவது மெஷின் நின்றால் திரும்பிப் பார்ப்பேன். பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கு ஃபோனில் ஒரு வாழ்த்து அடிப்பேன், அனுப்பாமல் அழிப்பேன். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டேன், அதை அவர் மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் கோபம் நியாயம் என்றும் நினைத்தேன். அவர் குரலில் ஒரு "ஏனுங்க மேடம்" கேட்பதற்காக, தேவையில்லாத ஃபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு ஒருநாள் வேலை போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். அப்படிப் போகக்கூடாது என்பதால் போகவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், கையில் எந்த ஃபைலும் இல்லாமல் போனேன். கம்பெனியை இப்போது மகள் பார்க்கிறாள். உள்ளூர் வியாபாரிகளுக்குப் பனியன் தைக்கிறார்கள். "அம்மா அமராவதி நகர் பக்கம் தோட்டத்து ஊட்டுலீங்க இருக்காங்க. போங்க, சந்தோசப்படுவாங்க," என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் உடுமலைப்பேட்டை போய் அங்கிருந்து வேறு பஸ் ஏறினேன்.

வீட்டு முன்னால் தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டு, காக்காய்க்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மேடம்," என்றார்.

"இப்ப மேடம் இல்லீங்க. ரிட்டயர்டு ஆயாச்சு," என்றேன்.

பாயில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் தயார் செய்து வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு உங்களத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லாம, எல்லார் முன்னாலயும் வச்சு வாசிச்சது தப்புங்க. மன்னிக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புரியாத பாஷையில் நான் ஏதோ சொன்னதுபோல.

"நீங்க அதுக்கா வந்தீங்க?" என்றார். பிறகு காய்ந்த பருப்பைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குத் தெரியுமுங்க."

"என்னதுங்க?"

"துணி சூடு பத்தாம ஓடுனது. பட்டறைக்காரரு அன்னைக்குப் பொழுதோடயே போன் பண்ணிச் சொல்லிப்போட்டாருங்க. அக்கா, கடைசி உருளைங்க சந்தேகந்தான், என்ன பண்றதுன்னு கேட்டாரு. திருப்பி ஓட்டுனா நாள் தவறிப்போகும். நாள் தவறுனா என்ற கொழுந்தனாருங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். பொம்பள கையில குடுத்தா இப்படித்தான்னு ஊரெல்லாம் பேசுவாங்க. தெச்சுக் கட்டுங்கன்னு நாந்தானுங்க சொன்னேன்."

முகம் நல்லா இருந்தாச் சரி என்று சொன்ன அதே மனுஷிதான் இவர்.

"சொல்லிப்போட்டு அன்னையிலிருந்து ஒரு நாளும் சரியாத் தூங்கலீங்க. நீங்க வந்து முத்திரை வெச்சீங்கல்ல, அப்ப எனக்கு உசுரு போச்சுன்னு நெனச்சிருப்பீங்க. இல்லீங்க. வந்துச்சுங்க. யாரு மொகமும் வேகாதுன்னு அப்பத்தான் மூச்சு விட்டேன். ஒரு நாளு தைரியமா உங்ககிட்ட வந்து எல்லாத்தையும் சொல்லிப்போடலாம்னு இருந்தனுங்க. அதுக்குள்ள நீங்க எழுதுன பேப்பரு வந்துருச்சு. எனக்குத் தெரியாம நடந்ததுன்னு போட்டிருந்தீங்க. அதப் படிச்சதுக்கப்பறம் உங்க முன்னால வந்து எப்படீங்க உக்காருவேன்? சொன்னா, நீங்க பொய் எழுதுன மாதிரி ஆயிரும். சொல்லலீன்னா, நாந்தான் பொய்யி. அதான் உங்க கண்ணுல படாமயே இருந்துட்டேன். கோவமெல்லாம் இல்லீங்க."

காக்காய் ஒன்று வந்து ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு போனது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்றேன்.

"சொல்லியிருப்பனுங்க," என்றார் உடனே. "நீங்க ஒரு வார்த்த கேப்பீங்கன்னுதான் கையெழுத்துப் போட்டுப்போட்டு அங்கயே நின்னேன். நீங்க என்ற சீலையப் பாத்துட்டே போயிட்டீங்க."

கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த வரிய இப்ப மாத்த முடியுமுங்களா?"

முடியும் என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் ஊருக்கு வந்து பழைய அலுவலகத்துக்கு எழுதினேன். அந்த அறிக்கையின் காரணப் பகுதியில் இரண்டாவது வாக்கியத்தை நான் விசாரிக்காமல் எழுதினேன், அது தவறு, ஒப்பந்ததாரருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று. அவர் சொன்னதை அவரே எழுதிக் கையெழுத்திட்ட தாளையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை அவருக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "சரிங்க," என்றார். இதை உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க. எளசுக தெரிஞ்சுக்கட்டும். பேர மட்டும் மாத்திக்குங்க, பேத்தி படிக்கிறா," என்றார்.

பழைய மாதிரி நாங்கள் ஆகிவிட்டோம் என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. எப்போதாவது பேசுகிறோம். மழையைப் பற்றி, அணையில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பற்றி. ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது. ஃபோனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

துணியைச் சோதிக்க உங்களுக்குக் கருவி இருக்கிறது. எதிரில் நிற்கும் மனிதரிடம் கேட்க வாய் மட்டும்தான். பிடித்தவராக இருந்தால் கேட்பது இன்னும் கஷ்டம். கஷ்டமாக இருக்கிறது என்றால் கட்டாயம் கேளுங்கள். முகத்தைப் பார்த்து, தனியாக, "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று. பதில் வந்த பிறகு எழுதுங்கள். பதில் வராவிட்டால், தெரியவில்லை என்று எழுதுங்கள். அவர்கள் நல்லவர்கள் என்று நீங்களாகவே எழுதிவிடாதீர்கள். அது அவர்களுக்குச் செய்யும் நன்மை என்றுதான் நானும் நினைத்தேன். ஏழு வருஷம் நான் அவருக்காக ஏங்கிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். என்னுடைய ஒரு கேள்விக்காக அவர்தான் காத்துக்கொண்டிருந்தார்.